புளி போட்ட பட்டி

என் அக்கா கௌரியின் கணவர் பேரின்பநாதன் ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். அதன் கம்பனிப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு மனமில்லை. 1970ஆம் ஆண்டு செய்த கார். இரண்டு கதவு, நீளமான மூக்கு, கடும் பச்சை நிறம். ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிடும். இப்படிப்பட்டதை மஸ்கிள் கார் என்பார்கள். எனக்கு அது பெற்றோல் குடிக்கிற ஒரு சாமான்.

அந்தக் காரின் இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே, முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஓர் அலுமினியப் பட்டி ஓடுகிறது. இடதுபக்கப் பட்டியில் அக்காவின் கை பட்ட அடையாளம் இருந்தது. போன வசந்தத்தில் அக்கா செத்துப்போனாள். இந்த வசந்தத்தில் அத்தான் அந்த அடையாளத்தை அழிக்கப் புறப்பட்டார், நான் அதை அவரிடமிருந்து பறிக்கப் புறப்பட்டேன். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதை வாயில் மட்டும் இருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கியூபெக்குக்கு அகதியாக வந்தவர், என்னைப் போல, எல்லாரையும் போல. முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பிறகு ஜன்னல் சட்டம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, வருகிற ஒவ்வொரு அலுமினியச் சட்டத்தையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலைக்கு உயர்ந்தார். கீறல் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் உத்தியோகம். வீட்டிலும் அதே உத்தியோகத்தைத்தான் பார்த்தார். கறியில் உப்பு, கதவில் கைரேகை, மகள் வித்தியாவின் பள்ளிக்கூடப் புள்ளிகள், எல்லாம் அந்த விளக்குக்குக் கீழே போய்த்தான் வந்தன. அக்கா ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தைத்துக் களைத்து வந்து, அந்தச் சோதனைக்கும் ஒவ்வொரு நாளும் முகம் கொடுத்தாள்.

நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற லொங்குய்யில், கராஜ் வைத்த ஒரு பங்களா, இங்கே அது ஒற்றைத்தட்டு வீடுதான், வாங்கினார்கள். அக்கா அந்த கராஜில் பெரிய குளிர்பெட்டி வைக்கலாம், அரிசி மூட்டை அடுக்கலாம் என்று நினைத்தாள். அத்தான் இல்-பிசார் தீவில் ஒரு வயதான கியூபெக்காரரின் வீட்டுக் கொட்டிலில் கிடந்த அந்தக் காரைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். குளிர்பெட்டி நிலக்கீழ் அறைக்கு இறங்கியது.

அதன் பிறகு அவருடைய வாயில் ஒரே சொல், ஒரிஜினல். காரில் எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும். பின்பெட்டி மூடிக்கு உட்புறம் பெயின்ற் ஒழுகி உறைந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் பெயின்ற் அடித்தவன் அவசரத்தில் விட்ட பிழை. அதை இவர் மெழுகு பூசிப் பாதுகாத்தார். இருக்கைக்குக் கீழே யாரோ ஒரு தொழிலாளி மெழுகுப் பென்சிலால் கீறிய சரிக்குறி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைத் துடைக்கவே கூடாது. வலதுபக்கப் பட்டி நெளிந்திருந்ததால் அதை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. புதிதாகச் செய்து விற்கிற நகல் பட்டியைத் தொடவும் மறுத்தார். கண்ணாடி மாதிரி மின்னுதாம், அசல் என்றால் மங்கலாகத்தான் இருக்குமாம். ஊர் ஊராகப் பழைய உதிரிப்பாகச் சந்தைகளுக்குப் போய்த் தேடி, எங்கோ ஒரு களஞ்சியத்தில் இதே ஆண்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பட்டியைக் கொண்டுவந்தார். பழைய பிடிகளையே கழுவி, பழைய துளைகளிலேயே பூட்டினார். அன்று இரவு அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை வித்தியா பிறந்த அன்றும் நான் காணவில்லை.

புளிச் சமாசாரம் ஒரு சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் நடந்தது. ஊரில் என்றால் அன்று புத்தகத்துக்கும் கத்திக்கும் தையல் மெசினுக்கும் வாகனத்துக்கும் பொட்டு வைப்போம். இங்கேயும் அக்கா அதை விட்டதில்லை. குத்துவிளக்குகளை கராஜ் வாசலில் எடுத்து வைத்து, கோடையில் பாபிக்யூ அடுப்பில் சேர்த்து வைத்த சாம்பலும் பழப்புளியும் போட்டு, இரும்பு நாரால் தேய்த்து மினுக்கினாள். விளக்கெல்லாம் தகதகவென்று இருந்தன. நிமிர்ந்து பார்த்தால், நாளைக்குப் பொட்டு வைக்கப் போகிற காரின் பட்டி மட்டும் மங்கிக் கிடந்தது. அவள் அதை அழுக்கென்று நினைத்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்? கையில் சாம்பல் இருந்தது, புளி இருந்தது, புருசன் வேலைக்குப் போயிருந்தார். முன் சில்லுப் பக்கமிருந்து ஆசையோடு தேய்க்கத் தொடங்கினாள்.

அந்த மங்கல் அழுக்கு இல்லை. தொழிற்சாலையில் அலுமினியத்துக்கு மேல் ஏற்றிய ஒரு மெல்லிய காப்பு. சாம்பலும் இரும்பு நாரும் அதை உரித்துவிட்டன. சில இடம் பளிச்சென்றும் சில இடம் சுண்ணாம்பு பூசினது போலவும் வந்தது. அக்கா தேய்த்த வட்டம் வட்டமான கோடுகள் அப்படியே பதிந்து நின்றன. கதவின் நடுப்பகுதி வரை வந்தபோது தான் ஏதோ பிழை விட்டுவிட்டாள் என்று அவளுக்கு விளங்கியிருக்கிறது. நிறுத்திவிட்டு என்னைத்தான் கூப்பிட்டாள். தொலைபேசியில் அவளுடைய மூச்சு வாங்கிய விதம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அத்தான் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். அவர் அதை ஒரு பகிடியாக்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போவார். குந்தியிருந்து, போனில் லைற் அடித்து, “இஞ்சை பாருங்கோ, இதுதான் என்ர மனிசி புளி போட்ட இடம். காரைக் குத்துவிளக்கெண்டு நினைச்சிட்டா” என்பார். தமிழருக்குத் தமிழில், கார்ச் சிநேகிதர்களுக்குப் பிரெஞ்சில். புளி என்றால் என்ன, அது எந்தக் கறிக்குப் போடுகிறது என்று விளக்கமும் கொடுப்பார். எல்லாரும் குனிந்து பார்த்துச் சிரிப்பார்கள். அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று தானும் சிரிப்பாள். கலியாண வீடுகளில் கூட யாராவது அவளிடம், “என்ன கௌரி, இண்டைக்கு ஆரின்ர காருக்குப் புளி போடப் போறியள்?” என்று கேட்பார்கள். அதற்கும் சிரிப்பாள்.

அப்போது ஏன் பட்டியைத் திருத்தவில்லை என்று கேட்டால், சரியான ஆளைத் தேடுகிறேன் என்பார். எனக்கென்றால், அந்தப் பகிடியை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் பட்டது.

பிறகு அக்கா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். அவர் ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஆஸ்பத்திரிக்கு வந்தார், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, போனில் கார்ச் சாமான்களின் படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பார். கஞ்சி வைத்துக் கொடுத்தது நான், தலை வாரி இழுத்துவிட்டது நான்.

அவள் போனபிறகு அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினார். சேலைகளைக் கோயிலுக்குக் கொடுத்தார். தையல் மெசினை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். தாளித்த எண்ணெய் தெறித்த குசினிச் சுவருக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தார். அடுத்த முறை நான் போனபோது அது யாரும் குடியிருக்காத வீடு மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தேன். அக்காவின் கை பட்டது என்று சொல்ல அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அந்தப் பட்டி மட்டும்தான். கராஜுக்குப் போய்க் குந்தி, அந்த வட்டங்களுக்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தேன். அவள் எவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்கிறாள் என்று விரலுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து போகிற நேரமெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி கராஜுக்குப் போய்வந்தேன்.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை வித்தியா தொலைபேசியில் கதைக்கும்போது, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், “அப்பா இடதுபக்கப் பட்டியைக் கழட்டிட்டார் சித்தி. திங்கள் லவாலுக்குக் கொண்டுபோறார். அங்கை ஒரு ஆள் பழைய காப்பை முழுக்க எடுத்துப்போட்டு புதுசா ஏத்தித் தருவாராம்” என்றாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் நான் வேலை செய்கிற கார்டெரியில், அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், அன்று எனக்கு அரை நாள் வேலை இருந்தது. சுகமில்லை என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். ஆற்றுக்குக் கீழால் போகிற மஞ்சள் கோட்டு ரயிலில் நின்றபடி, சொல்லப் போகிறதையெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போனாள்.

கராஜ் கதவு திறந்திருந்தது. பட்டியைப் பழைய கம்பளி ஒன்றின் மேல் கிடத்தி, அதன் பின்பக்கத்தைப் பல்துலக்கும் பிரசால் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீர்?”

“அந்தப் பட்டியை வாங்கிக்கொண்டு போக வந்தனான்.”

“எதை?”

“உந்தப் பட்டியைத்தான். அக்கா மினுக்கினதை.”

அவர் பிரசைக் கீழே வைத்தார். “உது காரின்ர சாமான் நிரஞ்சனி. சும்மா தூக்கிக் குடுக்கேலாது.”

“வலதுபக்கத்துக்கு எங்கையோ தேடிப் பிடிச்சு மாத்தினீங்கள்தானே. இதுக்கும் மாத்துங்கோ.”

“அது நெளிஞ்சு முறிஞ்சு போனது. அதாலை மாத்தினது. இது முறியேல்லை. திருத்தக்கூடியதைத் திருத்தி அதையேதான் பூட்டவேணும். அதுதான் முறை.” பட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஏதோ இலக்கம் குத்தியிருந்தது. “இஞ்சை பாரும். இந்த இலக்கம் நகலில இராது. நகலுக்குத் துளையும் ஒத்துவராது. அதைப் பூட்டிறதெண்டால் காரின்ர தகரத்தில புதுசாத் துளை போடவேணும். இவ்வளவு வருசமா ஒருத்தனும் துளை போடாத தகரம். நான் போடுவனோ?”

“அப்ப அப்பிடியே பூட்டுங்கோ. அக்கா தேச்சபடியே.”

“பழுதோட பூட்டச் சொல்லுறீரோ?”

எனக்கு வாய் கட்டுக்கடங்கவில்லை. “பின்பெட்டிக்குள்ளை பெயின்ற் ஒழுகி நிக்குதே, அது பழுதில்லையோ? அதை ஏன் உரஞ்சி எடுக்கேல்லை?”

“அது தொழிற்சாலையில நடந்தது.”

“ஓகோ. ஆரெண்டு தெரியாத ஒருத்தன் அவசரத்தில விட்ட பிழைக்கு மெழுகு பூசி வைச்சிருக்கிறியள். அது ஒரிஜினல். உங்களோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின மனுசி, சாமிக்கெண்டு ஆசையாத் தேச்சது பழுது. அப்பிடித்தானே?”

ஒரு நொடி கூட யோசிக்காமல் சொன்னார். “ஓம். அப்பிடித்தான்.”

அந்த மனிதர் மேல் அந்த இடத்திலேயே எதையாவது தூக்கி எறிந்திருப்பேன். கைக்கு எட்டியது எல்லாம் காரின் சாமான். எறிந்தால் அவருக்குத்தான் நோகும் என்பதால் எறிய ஆசையாகவும் இருந்தது. “சேலையெல்லாம் குடுத்திட்டியள். மெசினைக் குடுத்திட்டியள். சுவருக்குப் பெயின்ற் அடிச்சிட்டியள். அவ இந்த வீட்டில இருந்தவ எண்டதுக்கு ஒரு அடையாளமும் வைக்கமாட்டியளோ? அவ என்ன, கீறல் விழுந்த ஜன்னல் சட்டமோ திருப்பி அனுப்புறதுக்கு?” என்று கத்தினேன். எதிர் வீட்டுக்காரர் பனி அள்ளுகிற சவளோடு நின்று பார்த்தார். எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வருகிற கதவைத் திறந்துகொண்டு வித்தியா வந்தாள். பிரெஞ்சில் “போதும், போதும்” என்றாள். அவளுக்கு ஆத்திரம் வந்தால் பிரெஞ்சுதான் முதலில் வரும்.

“நீ உள்ளை போ. இது பெரியாக்களின்ர கதை” என்றார் அத்தான்.

“இல்லை. சித்திக்குச் சொல்லாட்டில் சித்தி விடமாட்டா.” என் பக்கம் திரும்பினாள். “இது அப்பா நினைச்சுச் செய்யிற வேலை இல்லை சித்தி. அம்மா கேட்டவ.”

“என்ன கேட்டவ?”

“உந்த அடையாளத்தை அழிக்கச் சொல்லி. ஆஸ்பத்திரியில. நானும் நிண்டனான்.”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வித்தியா தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “அம்மா சொன்னவ, நான் செத்தாப் பிறகும் ஆக்கள் வந்து குனிஞ்சு பாத்துச் சிரிக்கவேண்டாம். அந்த இடத்தை இல்லாமல் செய்துவிடுங்கோ எண்டு. ஒருக்கா இல்லை. கனதரம் சொன்னவ. அப்பா ஓம் எண்டவர்.”

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பட்டியை அக்காவின் ஆசை என்று நினைத்து அதற்கு மேலே விரலை ஓட்டியிருக்கிறேன். அவளுக்கு அது அவமானமாக இருந்திருக்கிறது. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று, ஒவ்வொரு விருந்தாளியும் குனிந்து நிமிரும் வரை காத்திருந்து, அவர்கள் சிரிக்கிற நேரத்துக்குத் தானும் சிரித்திருக்கிறாள். சாகக் கிடக்கும்போது அவளுக்கு நினைவு வந்தது அதுதான்.

“அத்தான், அவவுக்கு அது நொந்ததெண்டு உங்களுக்கு ஒருநாளும் தெரியேல்லையோ?”

“சிரிச்சுக்கொண்டுதானே நிண்டவள்” என்றார்.

அவ்வளவுதான். ஜன்னல் சட்டத்தில் மயிரளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண். பக்கத்தில் படுத்தவளின் முகத்தை அது பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அந்த நிமிடத்தில் குறையவில்லை, கூடியது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

அவர் குனிந்து பட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். என்னிடம் நீட்டினார். “வேணுமெண்டால் கொண்டு போம். நான் இன்னும் ஒண்டு தேடுறன்.”

காரின் சாமானை அந்த மனிதர் விட்டுக்கொடுத்து நான் கண்டது அதுதான் முதல் தரம். நான் வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரமில்லாமல் இருந்தது. வட்டங்கள் கராஜ் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. சின்ன வட்டம், பெரிய வட்டம், அவள் பயந்து நிறுத்திய இடம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு மெட்ரோவில் வரலாம், என் அறைச் சுவரில் சாய்த்து வைக்கலாம், நினைத்த நேரம் தொட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். நானும் சொல்லத்தான் வேண்டும், என் அக்கா புளி போட்ட இடம் என்று.

பட்டியைத் திரும்பக் கம்பளிக்கு மேலே வைத்தேன்.

“லவால்காரனுக்குச் சொல்லுங்கோ, நல்லா எடுக்கச் சொல்லி. ஒரு பொட்டும் தெரியக்கூடாது” என்றேன்.

“ஓம்” என்றார்.

வித்தியா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். நான் நிற்கவில்லை. பஸ் தரிப்புவரை என்னோடு நடந்து வந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்கள் அக்காவுடையதைப் போல நீளமானவை. பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான் அழுதேன், நன்றாக, சத்தமாக அழுதேன்.

அன்றிலிருந்து அத்தானோடு நான் கதைப்பதில்லை. ஒரு வருச முடிவில் வந்த ஆட்டைத் திவசத்துக்குப் போய், படையலுக்கு வேண்டியதைச் சமைத்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட உட்காரும் முன் வெளிக்கிட்டு வந்துவிட்டேன். கராஜ் பக்கம் போகவில்லை. பட்டி திரும்பி வந்து பூட்டியாயிற்று என்று வித்தியாதான் சொன்னாள். கார் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தில் இப்போது குனிவதில்லையாம், நேரே நடந்து எஞ்சினைப் பார்க்கப் போய்விடுகிறார்களாம். அத்தான் எதுவும் சொல்வதில்லையாம். எந்த இடம் என்று அவள் லைற் அடித்துத் தேடிப் பார்த்திருக்கிறாள், கண்டுபிடிக்க முடியவில்லை. யாருடைய கையும் ஒருநாளும் படாத மாதிரி இருக்கிறதாம். அக்கா கேட்டது அதைத்தான்.